காதில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தது

"காதுல வுட்ட மருந்து தொண்டையில வந்து கசக்குதுன்னா, அது இன்னா மருந்து... இல்ல, அது இன்னா காது? நீயே சொல்லும்மா. நாலு சொட்டு வுடுன்னாங்க, வுட்டேன். ஒருக்களிச்சிப் படுன்னாங்க, படுத்தேன். கொஞ்ச நேரத்துல நாக்குக்கு அடியில வேப்பெண்ண குடிச்சாமாரி கசக்குது. காதுக்கு வைத்தியம் பண்ணுன்னா வாய்க்குப் பண்ணி வெச்சிக்கீறாங்க..."

ரஞ்சனி அப்போதுதான் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். குடையைக்கூட மடக்கி முடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், யாரிடமோ பாதியில் விட்ட பேச்சை எடுத்துத் தொடர்கிற மாதிரி, அவளிடம் ஆரம்பித்துவிட்டார்.

தொண்ணூற்றோராம் வருஷம் ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை அது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்து, காது மூக்கு தொண்டை டாக்டரம்மா ஒருவர் வாரம் ஒருநாள் மெட்ராஸிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகிற வாசலில் பச்சைத் திரை. திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு கம்பவுண்டர் நாகப்பன். தகரக் கூரை போட்ட வராந்தாவில் இரண்டு பெஞ்சுகள். மழைக்கு ஒதுங்கினவர்கள் யார், காதுக்கு வந்தவர்கள் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத கூட்டம்.

ரஞ்சனி குன்றத்தூர்க்காரி. வாலாஜாபாத் ரோட்டில் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கிற லைனில் வேலை. சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வரும், நிற்கும், மறுபடி வரும். பஞ்சை வைத்து மேலே தலைமுடியை இழுத்துவிட்டுக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். போன மாதம் சூப்பர்வைசர் இடது பக்கமாக நின்று கூப்பிட்டிருக்கிறார். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குத் தைத்த ஒரு கட்டுத் தோல் முழுக்கப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. காதைச் சரி பண்ணிக்கொண்டு வா, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் எல்லோர் எதிரிலும் சொன்னார்.

டாக்டரம்மா போன வாரம் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறையில் பெரிய ஓட்டை, மருந்துக்கு அடையாது, ஆபரேஷன்தான் என்றார். யோசித்துவிட்டு வந்து சொல் என்று அனுப்பியிருந்தார். வீட்டில் அம்மா ராஜம்மாவிடம் யோசிக்கிற பேச்சே இல்லை. காதை அறுத்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், கல்யாணமாகாத பெண்ணுக்கு முகம் போனால் அப்புறம் என்ன இருக்கிறது என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். அதனால் ரஞ்சனி இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

பக்கத்திலிருந்தவர் பெயர் பாண்டுரங்கன். மண்ணூர். அவர் உட்கார்ந்திருந்தது அவளுடைய வலது பக்கம், கேட்கிற காதுப் பக்கம். இடது பக்கமாக இருந்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு தப்பித்திருக்கலாம். அது அவளுக்குப் பழகின வித்தை.

அவருக்கு உலகத்தில் எல்லோர் மேலும் குறை இருந்தது. முதலில் கம்பெனிக்காரர்கள். அவர் குடும்பத்து நிலத்தை வாங்கும்போது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சொன்னார்களாம். வேலைக்குப் போய் நின்றால் மெடிக்கல் என்றார்களாம். எடை பார்த்தான், சரி. கண் பார்த்தான், சரி. அப்புறம் காதுக்குள் ஒரு லைட்டை விட்டுப் பார்த்துவிட்டு, ஓட்டை, சரி பண்ணிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டான்.

"மூட்ட தூக்கற வேலைக்கு முதுகத்தானே பாக்கணும். காதுல இன்னா வேல அவனுக்கு? நான் இன்னா காதாலயா தூக்கப்போறேன்?"

அடுத்தது, அந்த ஓட்டையைப் போட்டவர்கள். மூன்றாம் வகுப்பு வாத்தியார் விட்ட அறையில்தான் கிழிந்தது என்று ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மண்ணூர் ஏரியில் மதகு மேலிருந்து குதிக்கச் சொன்ன பங்காளிப் பையன்கள்தான் காரணம் என்றார். மழை ஒரு சுற்று அடித்து ஓய்ந்தபோது, பூண்டு காய்ச்சின எண்ணெயைச் சுடச்சுட ஊற்றின அண்ணிக்காரி மேல் பழி போயிருந்தது. மூன்றையும் ஒரே உறுதியோடு சொன்னார். ரஞ்சனி மூன்றுக்கும் தலையாட்டினாள்.

அப்புறம் டாக்டரம்மா. அந்தம்மாவின் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் காது இருக்கிறதாம், பூட்டுப் போல அக்கு அக்காகக் கழட்டலாமாம். அதை வைத்துக்கொண்டு அவருக்குப் பாடம் நடத்தினார்களாம்.

"பற மாரி ஒரு தோலு கீதாம். அதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு ரூம்பு. ரூம்புல அரிசி நொய்யாட்டம் மூணு எலும்பு. ஒண்ணு சுத்தியாம். ஒண்ணு பட்டறையாம். ஒண்ணு, குதுர மேல ஏறச்சொல்ல கால் வெப்பாங்க பாரு, அந்த வளையமாம். தோலு அதிர்ந்தா சுத்தி அடிக்கும், பட்டற ஆடும், வளையம் இடிக்கும், அப்பத்தான் சத்தம் கேக்குமாம். ஒரு கொல்லம்பட்டறையவே உள்ள வெச்சிகினு கீறேன்... ஒரு பயலும் வேல குடுக்கல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, ஆனால் சிரித்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. குரலை ஏற்றிக்கொண்டார். அந்த ரூமிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் வருகிறதாம். சளி பிடித்தால் தொண்டையில் இருக்கிற அழுக்கெல்லாம் அந்தக் குழாய் வழியாக மேலே ஏறி ரூமை நிரப்புகிறதாம், அதுதான் சீழாம். எந்த மேஸ்திரி கட்டினானோ, சாக்கடையைக் கொண்டுவந்து படுக்கிற அறையில் திறந்துவிட்டிருக்கிறான் என்றார்.

ரஞ்சனிக்கு இதெல்லாம் புதிது. பதினைந்து வருஷமாகப் பஞ்சு வைத்த காதுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. ஒன்று மட்டும் தெரியும். அவளுக்கும் காதில் விடுகிற மருந்து தொண்டையில் கசக்கும். ஓட்டை வழியாக உள்ளே போய்க் குழாயில் இறங்குகிறது என்று டாக்டரம்மா போன வாரம் சொல்லியிருந்தார். ஓட்டை இருந்தால்தான் கசக்கும். இவருக்குக் கசக்கிறதென்றால் இவர் காதிலும் இன்னும் ஓட்டை இருக்கிறது.

அவள் அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார். ஆடி மாதத்திலேயே பண்ணியாகிவிட்டதாம்.

ரஞ்சனி முதல்முறையாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, விழித்துக்கொண்டிருக்கும்போதே பண்ணினார்களாம். காதுக்குப் பின்னால் அறுத்து, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்து வெங்காயத் தோல் போல ஒரு சவ்வை உரித்து, உள்ளே கொண்டுபோய் ஒட்டுப் போட்டார்களாம். வலித்ததா என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. அதற்குள் அவரே, வலி கூட இல்லை, அதுதான் பெரிய கொடுமை, வலித்தால் கத்திக்கொண்டாவது இருக்கலாம், ரெண்டு மணி நேரம் பேசாமல் படு என்று சொன்னால் மனுஷன் என்ன செய்வான் என்று அலுத்துக்கொண்டார். அவர் ஏதோ பேச வாயைத் திறந்தபோதெல்லாம் தாடை அசைகிறது, கத்தி தவறிவிடும் என்று டாக்டரம்மா அதட்டினாராம்.

முடிந்த கையோடு இன்னொரு அவமானம். பல்லைக் காட்டு, கண்ணை இறுக்கி மூடு, விசில் அடி என்றார்களாம்.

"ஒரு பொம்பள டாக்டரப் பாத்து நான் விசில் அடிக்கணுமாம். இந்த வயசுல. நர்ஸுப் பொண்ணுங்கல்லாம் நிக்குது. அடிச்சேன், இன்னா பண்றது... இப்டி."

அவர் பல்லைக் காட்டினார். கண்ணை இறுக்கி மூடினார். உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்தார். நாகப்பன் ஸ்டூலில் இருந்து எட்டிப் பார்த்து முறைத்தான்.

ரஞ்சனி அந்த வாயையே பார்த்தாள். இரண்டு ஓரமும் ஒரே அளவு விரிந்தன, ஒரே அளவு குவிந்தன. அரைமணி நேரமாக நில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வாய், எந்தப் பக்கமும் ஒரு நூல் கோணவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த மனுஷர் எதிரில் உட்கார வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

அவர் நிறுத்தவில்லை. தலையைச் சுற்றிக் கட்டோடு ஊருக்குத் திரும்பினால், மே மாதம் இங்கே குண்டு வெடித்ததிலிருந்து இந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவன் வருகிறவனையெல்லாம் இறக்கிக் கேள்வி கேட்கிற போலீஸ்காரர், இவரையும் இறக்கிவிட்டாராம். கட்டுக்குள் என்ன என்று கேட்டாராம். காது என்றாராம். கட்டு பிரித்த பிறகு வேறொரு தொல்லை. உள்ளே வைத்திருந்த அடைப்பை டாக்டரம்மா எடுத்ததும், வலது காது கேட்க ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி ரஞ்சனியின் பக்கம் சாய்ந்தார்.

"எம் பொஞ்சாதி சுந்தராம்பா எப்பவும் எனக்கு வலது கைப்பக்கம்தான் படுப்பா. பன்னெண்டு வருசமா அவ உதடு அசையறத பாத்துகினு கீறேன். சாமி கும்பிடறான்னு நெனச்சிகினு இருந்தேம்மா. கேக்க ஆரம்பிச்சப்பறம்தான் தெரிஞ்சிது... அது சாமி இல்ல. அத்தினி திட்டும் என்னத்தான்."

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மனைவி சொன்னதில் பாதி நியாயம்தான் என்பதுபோல ஒருகணம் தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் நாகப்பன் திரையை விலக்கி, மண்ணூர் பாண்டுரங்கன் என்று கூப்பிட்டான்.

அவர் எழுந்திருக்கவில்லை. எதிர் பெஞ்சில் இருந்த லூர்தம்மாள் என்ற அம்மாளைக் காட்டி, வயசானவங்க, இவங்க போகட்டும் என்றார். அதற்கு முன்னால் இரண்டு பேருக்கு அவர் அப்படி வழிவிட்டிருக்கிறார் என்று நாகப்பன் சலித்துக்கொண்டபோதுதான் ரஞ்சனிக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்த மனுஷர் அவர்.

இன்றைக்கு அவருக்கு சர்டிபிகேட் வாங்குகிற நாளாம். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, காது நன்றாக இருக்கிறதென்று டாக்டரம்மா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை கம்பெனியில் சேர வேண்டியதுதான். அதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போவதற்குப் பதிலாக, ஒட்டுப் போட்ட லட்சணத்தைத் திட்ட ஆரம்பித்தார். தையல்காரன் சட்டைக்குப் போடுகிற ஒட்டு அஞ்சு வருஷம் நிற்கிறது. ரெண்டு மணி நேரம் போட்ட ஒட்டு மூன்று மாதம் நிற்க வேண்டாமா? மூக்கைச் சிந்தாதே, தம் கட்டி ஊதாதே, பீடி தொடாதே என்று அவரையே குறை சொல்கிறார்களே ஒழிய, ஒட்டு கெட்டியாக இருந்தால் எதற்கு இத்தனை சட்டம்?

அப்புறம்தான் அந்தக் கதை வந்தது. மண்ணூரில் பாண்டுரங்கனை யாருக்கும் நிலத்தால் தெரியாது, தொழிலால் தெரியாது. காதால் தெரியும். பீடியை இழுத்து, வாயை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தம் கட்டினால், வலது காதிலிருந்து ஊதுவத்திப் புகை போல நூலாகப் புகை வரும். கல்யாண வீட்டில், திருவிழாவில், எலெக்ஷன் கூட்டம் ஆரம்பிக்கிற வரைக்கும், ஆட்கள் தேடிக்கொண்டு வந்து பார்ப்பார்களாம். குன்றத்தூர் தேருக்கு வந்தவன் ஒருத்தன் அவரைப் பார்த்துவிட்டுத் தேரைப் பார்க்காமலே போய்விட்டானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு யார் மேலும் குறையில்லை.

ஆபரேஷனுக்கு அப்புறம் டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள்.

"நான் இன்னா சொன்னேன்? இனிமே வராதுப்பா, அடச்சாச்சுன்னு சொன்னேன். நரசிம்மன்னு ஒருத்தன் கீறான், எனக்குப் பங்காளி மொற. அவன் நம்பல. ஆபரேஷனே இல்ல, சும்மா தலையில துணி சுத்திகினு பீலா வுட்டான்றான். அத்தினி பேரு எதிர்ல. எனக்கு எப்டிம்மா இருக்கும்? வரலன்னு எப்டிக் காட்டறது? ஊதித்தானே காட்டணும்?"

அவர் நிறுத்தினார். அன்றைக்கு அவர் தானாக நிறுத்தினது அதுதான் முதல்தடவை.

வந்ததா என்று ரஞ்சனி கேட்கவில்லை. அவள் முகத்திலேயே கேள்வி இருந்திருக்க வேண்டும்.

லேசாக, ஓரத்தில், கொஞ்சம்போல என்றார் அவர். தும்மியிருந்தாலும் வந்திருக்கும் என்றார். ஒரே ஒரு தடவைதான் ஊதினேன், அதற்கே விட்டுக்கொள்கிற ஒட்டு ஒரு ஒட்டா என்றார். சுந்தராம்பாளுக்கு இன்னும் தெரியாது. அவள் திங்கட்கிழமைக்காக வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள்.

நாகப்பன் மறுபடி அவர் பெயரைக் கூப்பிட்டான். அவர் ரஞ்சனியைக் காட்டி, பொம்பளைப் பிள்ளை, ஊர் போய்ச் சேர வேண்டாமா, அது போகட்டும் என்றார்.

ரஞ்சனி எழுந்து உள்ளே போனாள்.

டாக்டரம்மா அவள் காதைத் துடைத்துப் பார்த்துவிட்டு, என்ன முடிவு பண்ணினாய் என்று கேட்டார். ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்று ரஞ்சனி சொன்னாள். சொன்ன பிறகுதான், தான் வேறு ஒன்றைச் சொல்ல வந்தது ஞாபகம் வந்தது. வீட்டில் அம்மா பயப்படுவதைச் சொன்னாள். முகத்துக்குப் போகிற நரம்பு அந்த ரூம் வழியாகத்தான் போகிறது, அதனால் பயம் பொய்யில்லை, ஆனால் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்வோம், கோணிப்போவது ரொம்ப அபூர்வம் என்று டாக்டரம்மா விளக்கினார்.

"வெளிய இருக்கற அண்ணனுக்குக் கோணல டாக்டர்," என்றாள் ரஞ்சனி.

எந்த அண்ணன் என்று கேட்டார் டாக்டரம்மா. மண்ணூர்க்காரர் என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. காலையிலேயே வந்துவிட்டதாக நாகப்பன் சொன்னானே, ஏன் இன்னும் உள்ளே வரவில்லை என்றார்.

தன்னை நம்பிச் சொன்னதை எடுத்துச் சொல்வது சரியில்லைதான். ஆனால் இந்த வாரம் வழிவிட்டவர் அடுத்த வாரமும் வழிவிடுவார், அதற்கடுத்த வாரம் வரவே மாட்டார் என்று அவளுக்குப் பட்டது. அவளும் ஒரு காதை மறைத்து வாழ்ந்தவள்தான். சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, கூட்டிக்கொண்டு வா, காதில் ஈரம் காய்ந்ததும் மறுபடி ஒட்டலாம், கம்பெனிக்கு நானே அவகாசம் கேட்டு எழுதித் தருகிறேன் என்றார்.

வெளியே வந்து பார்த்தால் பெஞ்சில் அவர் இல்லை. டீ குடிக்கப் போனார் என்றான் நாகப்பன். டீக்கடையிலும் இல்லை. ரஞ்சனி குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் போனாள். மண்ணூர் பஸ் நிற்கிற இடத்தில், மழை படாமல் தூணோடு ஒட்டிக்கொண்டு, வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை, அவரும் பேசவில்லை.

"அண்ணா. டாக்டரம்மா கூப்புடறாங்க. திட்ட மாட்டாங்க. மறுபடியும் ஒட்டலாமாம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லிட்டியா."

ரஞ்சனி தலையாட்டினாள்.

பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் இவரைப் பார்த்து, வருகிறீர்களா என்பதுபோல ஒருமுறை விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்புறம் பஸ் போய்விட்டது. பாண்டுரங்கன் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார்.

பஸ் ஸ்டாண்டு வாசல் வரைக்கும் பேசாமல் வந்தவர், ரோட்டைத் தாண்டினதும் ஆரம்பித்தார். இந்தக் காலத்தில் பஸ்ஸில், பெஞ்சில், பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேச முடிகிறதா, தங்கச்சி மாதிரி நினைத்து நாலு கஷ்டத்தைச் சொன்னால் நேராகப் போய்ப் போட்டுக்கொடுக்கிறது, பார்த்தால் வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்கிறது என்று, குடைக்குள் போகிறவளைப் பற்றிக் குடைக்கு வெளியே நனைந்துகொண்டு வந்தவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். வராந்தாவில் ஏறியதும் அதையே நாகப்பனிடமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் திரைக்குள் போனார்.

ரஞ்சனிக்கு வேலை முடிந்துவிட்டது. போகலாம். ஆனாலும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள், வலது காது திரைப்பக்கம் இருக்கிற மாதிரி.

கொஞ்ச நேரம் உள்ளே சாமான்கள் வைத்து எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தடவை ஊதினதற்கு இவ்வளவு பெரிதாகக் கிழியாதே என்றார் டாக்டரம்மா.

பதில் சொன்னபோது பாண்டுரங்கன் குரலில் குறை எதுவும் இல்லை.

"மொத தபா, வரலன்னு காட்டத்தாம்மா ஊதினேன். வந்துட்ச்சு... எல்லாரும் கை தட்னாங்க. அப்பறம் தெனம் கேட்டாங்கம்மா."

லைட் போடுகிற சொடுக்குச் சத்தம் கேட்டது. தலையை இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா.

ரஞ்சனி எழுந்து, குன்றத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று நாகப்பனிடம் கேட்டாள்.